எட்டு வகுப்புகளும் இரண்டு கேள்விகளும்

தொண்ணூறுகளின் கடைசியில் உத்திரமேரூர் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், உரக்கடை மாடியில் பத்தாம் வகுப்பு டியூஷன் நடத்திக்கொண்டிருந்தேன். பி.எஸ்சி. கணக்கு, மேலே பி.எட். வாசலில் இருந்த கரும்பலகையில் எட்டு வகுப்புகளின் பெயர் எழுதியிருக்கும். பாடத்தோடு ஸ்போக்கன் இங்கிலீஷ், வினாடி வினா, கையெழுத்துப் பயிற்சி, ஆண்டு விழா ஒத்திகை வரைக்கும் எல்லாம் உண்டு. ஊரில் என்னைப்போல் உழைத்த ஆள் கிடையாது என்பது என் எண்ணம்.

இரண்டு தெரு தள்ளி, வாலாஜாபாத்திலிருந்து வாழ்க்கைப்பட்டு வந்த ஒருத்தி வீட்டின் பின்னால் ஷீட் கொட்டகை போட்டு டியூஷன் ஆரம்பித்தாள். பிளஸ் டூ வரைதான் படித்தவள். பெயர்ப்பலகை கிடையாது, கரும்பலகைகூடக் கிடையாது. கணக்கில் ஃபெயிலானவர்களை மட்டும் சேர்த்துக்கொண்டாள். அவர்கள் பாஸ் பண்ணினார்கள். எனக்கு வயிறு எரிந்தது. சாயங்காலம் மொபெட்டில் வேண்டுமென்றே அந்தத் தெரு வழியாகப் போய்க் கொட்டகை வாசலில் கிடக்கும் செருப்புகளை எண்ணுவேன். கூடியிருந்தால் அன்றைக்குச் சோறு இறங்காது.

அந்த மார்ச்சில் என்னிடம் படித்த ஒரு பெண் கணக்கில் மட்டும் ஃபெயிலானாள். காவாந்தண்டலம் பக்கம், ஊர்க்கோடியில் வீடு. நடவு வேலைக்குப் போய்விட்டுச் சேறு காயாத காலோடு வருவாள். குரல் நன்றாக இருந்ததால் ஆண்டு விழாவில் வரவேற்புரைக்கு அவளைத்தான் நிறுத்தினேன். பரீட்சைக்கு முந்தைய மாதம் முழுக்க அதையே மனப்பாடம் செய்தாள். விழாவில் ஒரு வரிகூடத் தடுமாறவில்லை.

ரிசல்ட் வந்த வாரம் அவள் அம்மா மாடிப்படி ஏறி வந்தாள்.

"அக்டோபர்ல இன்னொரு தபா எழுதச் சொல்றேன் டீச்சரம்மா. அதுவும் போச்சின்னா செங்கல் சூளைக்குத்தான் இட்டுக்கினு போவணும். நான் ஒண்டியா இன்னா பண்ணுவேன்?"

நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். அவள் தலையாட்டினாள். அடுத்த வாரமே அந்தப் பெண்ணின் நீல வார் செருப்பைக் கொட்டகை வாசலில் பார்த்தேன்.

ஆடி மாதம் கோயிலில் கூழ் வார்த்த அன்று, அதைச் சாக்காக வைத்துத் தூக்குச் சட்டியில் கூழோடு அந்த வீட்டுக்குப் போனேன். சிமெண்டுத் தரையில் பிள்ளைகள் மண்டியிட்டு, சாக்பீஸில் நூல் கட்டி வட்டம் போட்டு, வெளியே ஒரு புள்ளி வைத்துத் தொடுகோடு வரைந்துகொண்டிருந்தார்கள். தப்பானால் ஈரத்துணியால் துடைத்துவிட்டு மறுபடியும் அதையே வரைய வேண்டும். மூலையில் நாலு பேர் வரைபடத்தாளில் புள்ளி வைத்துக்கொண்டிருந்தார்கள். இவ்வளவுதான் மொத்த டியூஷனும்.

"வேற எதுவும் சொல்லிக் குடுக்கறதில்லையா?" என்று கேட்டேன்.

"இல்லக்கா. எனக்கே இந்த ரெண்டுதான் ஒயுங்கா வரும்" என்று சிரித்தாள். "வேலக்கிப் போய்ட்டு வருதுங்க. ஒரு மணி நேரந்தான் கீது. எத்தப் பண்ணா மார்க்கு வருமோ அத்த மட்டும் பண்ணிக்கினு கீறோம். வடிவியலும் வரைபடமும் வருசா வருசம் வருதில்ல? மிச்ச மார்க்குக்கு அதுங்க முன்னாடி படிச்சதே போதும். ஒங்களுக்குத் தெரியாததா?"

எனக்குத் தெரியும். ஊரில் கணக்கு சொல்லிக் கொடுக்கிற எல்லோருக்கும் தெரியும். ஆனால் அதை மட்டும் செய்தால் நான் படித்த படிப்புக்கு என்ன மரியாதை? ஒளிக்காமல் அவள் சொன்னதுதான் என்னை இன்னும் எரித்தது. காலிச் சட்டியோடு திரும்பி வந்து, கரும்பலகையில் ஒன்பதாவதாக 'வடிவியல், வரைபடம் சிறப்பு வகுப்பு' என்று எழுதினேன். மற்ற எட்டில் ஒன்றையும் எடுக்க மனம் வரவில்லை. சிறப்பு வகுப்புக்கு ஞாயிற்றுக்கிழமை காலையில் அரை மணிதான் மிஞ்சியது.

அக்டோபர் பரீட்சை நெருங்கியபோது, அந்தப் பெண் தோற்க வேண்டும் என்று விரும்பினேன். சுற்றி வளைத்துச் சொல்ல ஒன்றுமில்லை. சூளைக்குப் போவாள் என்று தெரிந்தும்தான் விரும்பினேன். அவள் தோற்றால் கொட்டகையின் பெயர் கெடும், நாலு செருப்பாவது என் படிக்குத் திரும்பும் என்று கணக்குப் போட்டேன். பரீட்சை அன்று கோயிலைத் தாண்டும்போது கும்பிடக்கூட இல்லை. கை குவித்தால் எதைக் கேட்டுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

ரிசல்ட் அன்று மாடிப்படியில் ஓடி வரும் சத்தம் கேட்டது. அவள்தான். கையில் ஆரஞ்சு மிட்டாய்ப் பொட்டலம்.

"பாஸாயிட்டேன் மிஸ். வட்டமும் கிராஃபும் முழுசாப் போட்டேன்."

முகத்தைச் சிரித்தமாதிரி வைத்துக்கொண்டேன். மிட்டாயை எடுத்தபடி, "அவங்களுக்குக் குடுத்திட்டியா?" என்று கேட்டேன். கேட்காமல் இருக்க முடியவில்லை.

"இல்ல மிஸ், ஒங்களுக்குத்தான் மொதல்ல. அவங்க ரெண்டே ரெண்டுதான் சொல்லிக் குடுத்தாங்க. நீங்கதான் எல்லாத்தையும் சொல்லிக் குடுத்தீங்க."

அவள் கேலி பேசத் தெரிந்தவள் இல்லை. எனக்கு இரண்டு மிட்டாய் கொடுத்துவிட்டு, பொட்டலத்தை மடித்துக்கொண்டு கொட்டகைப் பக்கம் ஓடினாள். நான் ஈரத்துணியை எடுத்துக்கொண்டு கரும்பலகை முன்னால் போய் நின்றேன். எந்த வரியிலிருந்து துடைப்பது என்று தெரியவில்லை.