அலைக்காரியின் புல்

‘அலை எழுப்பும் பிரிவின் பொறியாளர்: கடற்பழக்கம் உள்ளவர், நீச்சல் தெரிந்தவர், எதற்கும் பதறாதவர்’ என்கிறது ஆய்வுக்கூடத்தின் பணிவிவரம். சோதனைக்கு முந்தின நாள் அந்தப் பொறியாளர் ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு, இன்னும் தண்ணீர் விடாத தொட்டிக்குள் குனிந்து, புல்லைத் திட்டிக்கொண்டிருந்தார்.

“நிமிந்து நில்லுடா சோம்பேறி. நாளைக்கு இருக்கு உனக்கு!”

அவருக்கு நீச்சல் தெரியாது. படகில் ஏறினால் கயிற்றை அவிழ்ப்பதற்குள் வாந்தி. கடலைப் பார்ப்பதெல்லாம் ஜன்னல் வழியாக, அதுவும் கண்ணாடியைச் சாத்திய பிறகு. ஆனால் ஆளுயர அலை வேண்டுமென்றால் எல்லாரும் அவரிடம்தான் வரவேண்டும். ஒரு தெருவின் நீளத்துக்குக் கட்டிய தொட்டி அது. ஒரு முனையில் சுவர்போல் இரும்புத் தகடு. அவர் விசையைத் தள்ளினால் அது முன்னும் பின்னும் போய்வந்து தண்ணீரைப் புயலாக்கும். கூடத்தில் அவர் பெயரே அலைக்காரி.

மறுமுனையில், கரையிலிருந்து சேற்றோடு பெயர்த்துவந்து பதித்த உப்பங்கழிப் புல். பச்சைப்பசேலென்று முதலில் வந்ததைத் திருப்பி அனுப்பிவிட்டு, குளிர்காலத்துக் காய்ந்த புல்லைக் கேட்டு வாங்கியவர் அவர்தான். “புல்லு தளதளன்னு இருக்கறப்பதான் வருவேன்னு புயல் சொல்லிச்சா?”

சோதனையில் புல் மண்ணைக் காத்தால் கரை முழுக்கப் புல் நடுவார்கள். காக்காவிட்டால் கான்கிரீட் சுவர். அதற்கு இடம் விட, கரையோர முதல் வரிசை வீடுகளை இடிப்பார்கள். அந்த வரிசையில் ஒன்று அலைக்காரியின் அக்கா வீடு. அதை அவரே மேலிடத்தில் சொல்லி, வேறு ஆளைப் போடச் சொன்னார். வேறு ஆள் இல்லை.

சோதனை அன்று காலையில் அக்கா தொலைபேசியில் வந்தார்.

“ஏண்டி, கொஞ்சம் பாத்து அடி. கூடப்பொறந்தவ வீடு.”

“கடல் பாத்தா அடிக்கும்?”

“கல்நெஞ்சுக்காரி!”

“சரி, சாப்ட்டியா?” என்று கேட்டு, பதிலையும் வாங்கிக்கொண்டுதான் வைத்தார்.

பிறகு ஈவிரக்கமில்லாமல் அடித்தார். ஏழெட்டு அலைக்குப் புல்லின் தாள்கள் வளைந்து கொடுத்தன. அதற்கப்புறம் மடமடவென்று ஒடிந்து, வைக்கோலாய் மிதந்தன. சுவரின் வரைபடத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வந்திருந்த நகரமன்றத் தலைவர், “போச்சு! மொட்டையாயிடுச்சு. நான் அப்பவே சொன்னேன்” என்றார். அலைக்காரியின் முகத்தில் ஈயாடவில்லை. பதறாதவராம்! விசையை நிறுத்தினார்.

“தண்ணிய எறக்குங்க. அழறதுன்னா அப்புறம் அழலாம்.”

தண்ணீர் வடிந்தது. கீழே மண் வைத்தது வைத்தபடி கிடந்தது. வேர்கள் பாய்போல் பின்னிப் பிடித்திருந்ததில், ஒரு கைப்பிடிகூடக் கரையவில்லை. ஒடிவதற்கு முன் புல்லும் சும்மா இருக்கவில்லை. அலையின் பாதி உயிரை வாங்கிவிட்டிருந்தது.

“முடிதாங்க போச்சு. தலை அப்படியே இருக்கு!” என்று அலைக்காரி தொட்டி அதிரக் கத்தினார். யாரோ விசிலடித்தார்கள். தலைவர் கட்சி மாறுவதில் பழகியவர். வரைபடத்தைச் சுருட்டிவிட்டு முதல் ஆளாய்க் கை தட்டினார். “அப்ப புல்லுதான். கையெழுத்துப் போட்டுடுங்கம்மா.”

“இருங்க. புயல் ஒண்டியாவா வரும்? பின்னாடியே தங்கச்சியயும் கூட்டிட்டு வரும்.”

தொட்டியை மறுபடி நிரப்பச் சொன்னார். சோதனைக்குக் கேட்டதைவிட ஒரு முழம் உயரமான அலையை எழுப்பி, அந்த மொட்டை மண்ணை இன்னொரு முறை அடித்தார். மண் அசையவில்லை. அதன் பிறகு கையெழுத்துப் போட்டார்.