நகராமல் நின்ற உயிரணுக்கள்

புற்றுநோய் உடலுக்குள் எப்படிப் பரவுகிறது என்று ஆராயும் கூடத்தில் வேலை செய்கிறேன். மார்பகப் புற்றின் உயிரணுக்களைக் கிண்ணத்தில் வளர்த்து, பிளாஸ்டிக் முனையால் நடுவே ஒரு கோடு கீறுவேன். மறுநாள் அவை இரு பக்கமிருந்தும் ஊர்ந்து வந்து கோட்டை மூடியிருக்கும். அவை ஊர்ந்து செல்ல உதவுகிறதோ என்று நாங்கள் சந்தேகித்த ஒரு புரதத்தைத் தடுத்துப் பார்த்தோம். கோடு மூடவில்லை. பேராசிரியர் உடனே கட்டுரை எழுத உட்கார்ந்துவிட்டார்.

அதை அனுப்ப நான்கு நாள் இருக்கையில், உயிரணுக்களில் கிருமித் தொற்று உண்டா என்று சோதித்தேன். மாதாமாதம் செய்யவேண்டிய சோதனை. வேலை நெருக்கடியில் மூன்று மாதம் விட்டிருந்தேன்.

தொற்று இருந்தது. மைக்ரோஸ்கோப்பில்கூடச் சிக்காத பாக்டீரியா, ஆனால் உயிரணுக்களின் போக்கையே மாற்றிவிடும். அவை நின்றது எங்களாலா, இந்தக் கிருமியாலா? சொல்ல வழியில்லை.

பேசாமல் இருந்துவிடலாமா என்று தோன்றவே இல்லை என்றால் அது பொய். முகம் கழுவிக்கொண்டு பேராசிரியரின் அறைக்குப் போனேன். அவரும் தமிழர்.

"ப்ரொஃப், செல்ஸ் கன்டாமினேட் ஆயிடுச்சு. மூணு மாசமா நான் செக் பண்ணல. தப்பு என்னோடது."

அவர் மடிக்கணினியை மூடினார். "வேற யாருக்குத் தெரியும்?"

"யாருக்கும் தெரியாது."

"அப்போ நாளைக்கு மீட்டிங்ல நீங்களே சொல்லிடுங்க. பேப்பர நிறுத்திடலாம்."

சொன்னேன். எல்லாக் கிண்ணங்களிலும் பிளீச் ஊற்றி, உறைநிலையில் இருந்த சுத்தமான உயிரணுக்களை எடுத்து முதலிலிருந்து தொடங்கினேன். ஆறு மாதமானது. எந்தக் கிண்ணத்தில் புரதம் தடுக்கப்பட்டிருக்கிறது என்பது எனக்கே தெரியாதபடி, சக ஆய்வாளர் ஒருவரை எண் மட்டும் ஒட்டச் சொன்னேன். நான் பார்த்துப் பார்த்து, மூடியது, மூடாதது என்று குறித்தேன். கடைசியில் அவர் தன் பட்டியலைத் திறந்து ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார்.

"ஒண்ணுகூட மாறல லா! தடுத்தது எதுவும் மூடல!" என்று கத்தினார்.

கூடத்தில் எல்லாரும் எழுந்து வந்தார்கள். பேராசிரியர் சொன்னார்: "இப்ப யார் கேட்டாலும் இந்த ரிசல்ட்டுக்கு நான் பதில் சொல்வேன். இத முதல்ல சந்தேகப்பட்டவங்களே இவங்கதான்."

கட்டுரை வெளியான வாரம் அம்மாவை எங்கள் ஊர்த் தமிழர் கடைவீதியான லிட்டில் இந்தியாவுக்குச் சாப்பிட அழைத்துப் போனேன். பள்ளிக் கேன்டீனில் கடை நடத்துபவர் அம்மா. அங்கே அவருக்குத் தெரிந்த பெண்மணி ஒருவர் வந்து நலம் விசாரித்தார்.

"என் மக கேன்சர் பரவாம நிறுத்திட்டா," என்றார் அம்மா.

நான் அவசரமாகக் குறுக்கிட்டேன். "ஐயோ, மனுஷங்களுக்கு இல்ல ஆன்ட்டி. கிண்ணத்துல மட்டும்தான். மருந்தாகுமான்னே இன்னும் தெரியாது."

அம்மா அசரவில்லை. "கிண்ணத்துல நின்னுச்சுல்ல? அதையும் இவ ரெண்டு தடவ செஞ்சு பாத்துட்டுத்தான் சொல்றா," என்று அவரிடம் சொல்லிவிட்டு, எனக்கு இன்னொரு கரண்டி ரசம் ஊற்றச் சொன்னார்.

இந்த முறை அம்மா சொன்னதை நான் திருத்தவில்லை.