இழை எண்ணிய கண்

கண் சரியாக இருக்கிறதா என்று பார்க்க எங்கள் தெருவில் யாரும் டாக்டரிடம் ஓடுவதில்லை. நெய்த துணியில் விரலை வைத்து, ஒரு நகத்தின் அகலத்துக்குள் எத்தனை இழை ஓடுகிறது என்று எண்ணுவோம். எண்ண முடிந்தால் அது நல்ல கண். நானும் அப்படித்தான் எண்ணினேன். என் முட்டாள்தனத்துக்கு அளவே இல்லை.

எனக்குச் சர்க்கரை வந்து பதினைந்து வருடம் ஆகிறது. அதில் இடது கண்ணுக்குள் ரத்தம் கசிந்து, அது எப்போதோ மங்கிப்போனது. மிச்சமிருந்த வலது கண்ணில் புரை விழவும், சென்னைப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் செய்துகொண்டேன். அனுப்பும்போது டாக்டரம்மா சொட்டு மருந்துப் புட்டியைக் காட்டி, என் மனைவியையும் பக்கத்தில் நிற்கவைத்துச் சொன்னார். "இதை ஒரு மாசம் போட்டுட்டு நிறுத்திடணும். இது ஸ்டீராய்டு, கண்ணுக்குள்ள அழுத்தத்தை ஏத்தும். உங்களுக்குச் சுகர் வேற இருக்கு. உங்க அப்பாவுக்கும் அழுத்தத்துலதான் கண்ணு போச்சுன்னு சொல்றீங்க. மாசாமாசம் வந்து பாத்துக்கணும்."

ஊருக்கு வந்ததும் தறியில் உட்கார்ந்து எண்ணினேன். ஒவ்வோர் இழையும் தனித்தனியாகத் தெரிந்தது. பிறகு எதற்கு பஸ் ஏறி ஒரு நாள் நெசவைக் கெடுத்துக்கொள்வது? கண் சிவந்தால், உறுத்தினால், மெடிக்கலில் பழைய சீட்டைக் காட்டி அதே புட்டியை வாங்கி விட்டுக்கொள்வேன். உறுத்தல் பறந்துவிடும். "அந்தம்மா நிறுத்தச் சொன்னாங்களேய்யா" என்பாள் மனைவி. "நீ எந்தக் காலேஜ்ல டாக்டருக்குப் படிச்ச?" என்பேன். ஏழெட்டு மாதம் இப்படியே ஓடியது.

அதற்குள் சேலையில் பிழை விழ ஆரம்பித்தது. எங்களுடையது கோர்வைச் சேலை. உடல் ஒரு நிறம், கரை ஒரு நிறம். உடலுக்கு நான் நூல் சுற்றிய நாடாவை எறிய, என் வலப் பக்கம் உட்கார்ந்து கரைக்கு அவள் எறிவாள். ஒவ்வொரு முறையும் இரண்டு நூலும் ஒன்றையொன்று கவ்வ வேண்டும். கவ்வாத இடத்தில் ஊசி நுழைகிற அளவு ஓட்டை. இருபது வருடம் என்னோடு நெய்தவள்தான், ஆனாலும் அவள் கைதான் தப்பு என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை.

பட்டும் ஜரிகையும் கொடுத்து நெய்யச் சொல்லும் முதலாளி ஒரு நாள் வீட்டுக்கே வந்துவிட்டார். துணியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அவர் வாய் திறக்குமுன் நான் முந்திக்கொண்டேன். "இவ கை ஆவாது சார்" என்றேன். அவள் பக்கம் திரும்பி, "கண்ணை இன்னா பொடனியிலயா வெச்சிக்கினு இருக்குற? எழுந்து போடி" என்றேன். அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு முதலாளி எதிரிலேயே எழுந்து, முந்தானையை உதறிக்கொண்டு உள்ளே போனாள். வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், எனக்கு அப்போது நிம்மதியாகத்தான் இருந்தது.

செவிலிமேட்டிலிருந்து கூலிக்கு ஒரு பெண்ணை வரவழைத்தேன். அவள் எறிந்த கரையிலும் அதே ஓட்டை. என் வாய்க்குப் பயந்து நான்காம் நாள் அவள் வரவில்லை. கோர்வையை விட்டுவிட்டு, ஒற்றை ஆளாகச் சாதாரணச் சேலை நெய்தேன். மூன்று மாதம் கழித்து, பக்கவாட்டில் வந்த ஸ்கூட்டர் இடித்து ரோட்டில் விழுந்த பிறகுதான் மனைவியோடு ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

கிண்ணம் போன்ற ஒரு மிஷினுக்குள் முகத்தை வைக்கச் சொன்னார்கள். நடுப்புள்ளியைப் பார்த்தபடியே, வெளிச்சம் தெரியும்போதெல்லாம் பொத்தானை அமுக்க வேண்டும். வெகுநேரம் ஒன்றுமே வரவில்லை.

"மிஷின்ல பல்பு போயிடுச்சாம்மா?" என்றேன்.

"எல்லாம் எரிஞ்சுதுங்க. நீங்கதான் அமுக்கல" என்றது அங்கிருந்த பெண்.

அழுத்தம் ஏறிப் பக்கத்துப் பார்வையைத் தின்றுவிட்டது என்றார் டாக்டரம்மா. நடுவில் ஒரு வட்டம்தான் மிச்சம். அந்த வட்டத்துக்குள்தான் நான் இழை எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன். வலப் பக்கம் இரண்டு நூலும் கவ்வ வேண்டிய இடம் அதற்கு வெளியே இருந்திருக்கிறது. போனது திரும்பாது, இருப்பதைக் காப்பாற்ற ஆயுளுக்கும் வேறு சொட்டு மருந்து விட வேண்டும் என்றார்.

திரும்பும் பஸ்ஸில் மனைவிதான் பேச்சை எடுத்தாள். "தட்டு ஓரத்துல வெக்கிற பொரியலைத் தொடாமயே எழுந்துக்கினு இருந்த. அப்பவே சந்தேகம். தறியில ஒரு நா உன் பக்கத்துல கையை ஆட்டிப் பாத்தேன். உனக்குத் தெரியல."

"எப்போ?"

"முதலாளி வந்தாரே, அன்னிக்கிக் காலைல."

"ஏன்டி சொல்லல?"

"சொல்லத்தான்யா வாயத் தொறந்தேன். எழுந்து போடின்ன. போயிட்டேன்."

அதற்குப் பிறகும் மூன்று மாதம், நான் பொரியலைத் தொடாமல் எழுவதைப் பார்த்துக்கொண்டே இருந்திருக்கிறாள். அந்த மூன்று மாதத்தில் எவ்வளவு பார்வை போனது என்று டாக்டரம்மாவிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவளை நான் மன்னிக்கவில்லை. அவள் என்னை மன்னித்ததாகவும் தெரியவில்லை. காலையும் மாலையும் என் கண்ணில் மருந்து விடுகிறவள் அவள்தான்.