மிலானோ ரயிலில் நான் ஒளித்த இடம்

பிள்ளைகளே, அப்பாமாருக்கும் பயம் வரும். எனக்கு வந்த பயத்தைச் சொல்கிறேன்.

சுவிசில் நாங்கள் வாழும் பேர்னில் இருந்து நானும் மனைவியும் முதன்முறையாகத் தனியே இத்தாலிக்குப் போனோம். வழக்கமாக வழி கேட்பவள் எங்கள் மகள். அவள் வரவில்லை. மிலானோவில் பகல் முழுக்க வெயிலில் வழி தவறி நடந்து, கால் வீங்கி, மாலையில் ஹோட்டல் இருந்த ஏரிக்கரை ஊருக்கு ரயில் ஏறினோம்.

பெட்டியின் மறுமுனையில் இரண்டு பொலிஸ்காரர் ஏறி, ஒவ்வொருவரிடமும் பாஸ்போர்ட் கேட்டார்கள். முன்பு அகதியாக, இந்த நாட்டு ரயில்களில் ஒளித்துத்தான் சுவிசுக்கு வந்தேன். இப்போது என்னிடம் சுவிஸ் பாஸ்போர்ட் இருக்கிறது. ஆனால் அது என் கால்களுக்குத் தெரியவில்லை. ஓடிப்போய்க் கழிவறைக்குள் பூட்டிக்கொண்டேன்.

கதவு தட்டப்பட்டது. மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.

“இஞ்சருங்கோ, நான்தான். அவங்கள் போயிட்டாங்கள். வெளியிலை வாங்கோ.”

மனைவி இரண்டு பாஸ்போர்ட்டையும் பிடித்தபடி நின்றாள்.

“உமக்குப் பயமில்லையோ?” என்று கேட்டேன்.

“பயம்தான். நானும் ஓடினால் சூட்கேசை ஆர் பாக்கிறது?”

சிரித்தாள். ஆனால் பாஸ்போர்ட்டுகளை இறுக்கிப் பிடித்த பிடியை விடவில்லை. அவளும் அதே பாதையால் ஒளித்து வந்தவள்தானே! அவளைத் தனியே விட்டு ஓடியிருக்கிறேன்.

திரும்பி வரும்போது எல்லையில் மறுபடி பொலிஸ் ஏறியது. அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். பயம் போய்விட்டது என்று உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இந்த முறை நான் எழும்பவில்லை.