அடுப்படியில் ஒரு வாத்து

கல்யாணமாகி, மலாயாவில் கோலா பிலா பக்கத்து ரப்பர் தோட்டத்துக்கு நான் வந்தபோது, வரிசையாய்க் கட்டிய கூலி லயத்தில் எங்கள் வீட்டின் அடுப்படி வெறும் மண் தரை. மழை பெய்தால் குழைந்துவிடும். நானும் என் வீட்டுக்காரரும் ரப்பர் மரத்தில் பால் வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

அவசரகாலம் அது. வெள்ளைக்காரன் ஆட்சியை எதிர்த்துக் காட்டுக்குள் இருந்த கம்யூனிஸ்டுகள், தோட்டத்து வெள்ளைக்காரத் துரையின் பங்களாவைக் கொளுத்திவிட்டார்கள். துரை சிரம்பான் டவுனுக்குப் போயிருந்ததால் பிழைத்தார். எரிந்த சுவர்களை இடித்து வாரியபோது, குளியலறையின் நீல ஓடுகளும் வெள்ளை ஓடுகளும் உடைந்து ஸ்டோருக்குப் பின்னால் குவிந்து கிடந்தன. என் வீட்டுக்காரர் தோட்டத்துக் கணக்கெழுதும் கிராணியிடம் போய்க் கேட்டார்.

"குப்பைதானே, வேணும்னா அள்ளிக்கிட்டுப் போ" என்றாராம்.

சாக்கில் அள்ளி வந்தார். ஸ்டோரில் மிஞ்சிக் கெட்டியாகத் தொடங்கிய சிமெண்டையும் கேட்டு வாங்கினார். ஆற்றில் கூழாங்கல் பொறுக்கியது நான். மாலை வேளைகளில் அவர் குறட்டால் ஓரம் தட்டித் தர, ஈரச் சிமெண்டில் நான் அழுத்தி வைப்பேன்.

"நடுவுல என்ன போடலாம்?" என்று கேட்டார்.

"வாத்து போடலாங்க" என்றேன்.

வெள்ளையில் வாத்து, நீலத்தில் குளம், கூழாங்கல்லில் கரை. மூக்குக்கு உடைந்த பூச்சட்டிச் சில்லு. கழுத்து நீண்டுபோயிற்று. அண்டை வீட்டு அக்கா வந்து பார்த்து, "இது கொக்கா, வாத்தா?" என்று கேட்டாள். எனக்கு அந்தக் கழுத்துதான் பிடித்திருந்தது.

சில வாரம் கழித்துப் போலீஸ்காரர்கள் வந்து லயத்தைச் சோதனை போட்டார்கள். அரிசிப் பானைக்குள் கைவிட்டுத் துழாவிய வெள்ளைக்கார அதிகாரி, குனிந்து தரையைப் பார்த்தார். பிறகு பூட்ஸ் முனையால் நீல ஓட்டைத் தட்டினார். கூட வந்த தமிழ்ப் போலீஸ்காரர் என் வீட்டுக்காரரைக் கேட்டார்:

"பங்களா ஓடு இங்க எப்படி வந்திச்சு? எரிஞ்சப்ப நீயும் அங்க இருந்தியா?"

"கிராணி ஐயாதாங்க எடுத்துக்கச் சொன்னாரு."

கிராணியைக் கூட்டிவந்தார்கள். அவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. "எனக்கு ஞாபகம் இல்ல" என்றார். சட்டையை மாட்டக்கூட விடாமல் என் வீட்டுக்காரரை லாரியில் ஏற்றினார்கள்.

மறுநாள் கிராணி வீட்டு வாசலில் போய் நின்றேன். உள்ளே கூப்பிடாமல் வெளியே வந்து, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கொடுத்தேன்னு சொன்னா நாளைக்கு என்னையும் ஏத்துவாங்கம்மா. எனக்கும் புள்ளைங்க இருக்கு."

வைய வந்தவள் வையாமலே திரும்பி வந்துவிட்டேன்.

என் வீட்டுக்காரர் திரும்பி வருவதற்குள், காட்டுக்குள் அரிசி போகாமல் தடுக்கவென்று சர்க்கார் உத்தரவு வந்தது. ஓரத்து லயங்களையெல்லாம் காலி செய்து, ஸ்டோர் பக்கத்தில் முள்வேலிக்குள் குடிபோக வேண்டும். சாமான் ஏற்ற லாரி நின்றுகொண்டிருந்தபோது, மண்வெட்டியால் வாத்தைப் பெயர்த்துப் பார்த்தேன். சிமெண்டோடு சேர்ந்து துண்டு துண்டாக வந்தது.

"விடும்மா, லாரிக்காரன் கத்துறான் லா" என்றார் எங்கள் வேலையை மேற்பார்க்கும் மண்டோர். விட்டுவிட்டேன். நாங்கள் வேலியைத் தாண்டுமுன்பே கூரையைப் பிரிக்கத் தொடங்கினார்கள்.

பல மாதம் கழித்து, குற்றம் எதுவும் இல்லையென்று என் வீட்டுக்காரரை அனுப்பிவைத்தார்கள். வேலி வாசலில் உடம்பைத் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள். சோறு போட்டேன். தட்டை வாங்கி நின்றுகொண்டே சாப்பிட்டார்.

"உக்காந்து சாப்பிடுங்க."

"இருக்கட்டும்" என்றார். வெளியே யாரோ பூட்ஸோடு நடந்துபோகும் சத்தம் கேட்டதும், மெல்லுவதை நிறுத்திவிட்டு அது கடந்துபோகும்வரை காத்திருந்தார். நானும் கரண்டியைப் பிடித்தபடி நின்றேன்.