மூலை மனையில் ஒரு குழாய்

நம்புங்கள் என்று கேட்க எனக்கு வாயில்லை. மனை விற்கிறவன் நான். திண்டிவனத்திலிருந்து அரை மணி நேரம் போனால் வரும் பொட்டலை 'பேருந்து நிலையம் அருகில்' என்று சொல்லிப் பழகிய வாய் இது. ஆனாலும் இது நடந்தது. என் அக்கா ஜெசிந்தாவும் பார்த்தாள். அவள் நர்ஸ். எதையும் கூட்டிச் சொல்கிறவள் இல்லை. இன்னும் வாடகை வீட்டில்தான் இருக்கிறாள்.

போன மே மாதம் விழுப்புரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் ரியல் எஸ்டேட் பயிற்சி நடந்தது. கோதண்டபாணி சார் அந்த வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு வந்து, எங்களை 'வருங்கால முதலாளிகளே' என்று கூப்பிட்டார். வருங்கால முதலாளிகளுக்கு மத்தியானம் தயிர்சாதப் பொட்டலம். பொட்டல் என்றால் 'வளரும் பகுதி', பக்கத்தில் சுடுகாடு என்றால் 'அமைதியான சூழல்'. கஸ்டமர் கேள்வி கேட்டால் சிரிக்க வேண்டும். தொழில் கற்றுக்கொண்டேன்.

முதல் மனையைச் சொந்தக்காரர்களிடம்தான் விற்க வேண்டுமாம். நம்மை நம்புகிறவர்கள் அவர்கள்தானே. எனக்கு இருந்தது அக்கா. மாமா இறந்த பிறகு இரண்டு பெண் பிள்ளைகளோடு வீடு வீடாக மாறிக்கொண்டிருந்தாள். யாரும் காலி செய்யச் சொல்லாத ஒரு கூரை. அவ்வளவுதான் அவள் ஆசை.

லே அவுட்டுக்குப் பெயர் 'கிரீன் பாரடைஸ் சிட்டி'. மல்லாட்டைக் கொல்லையாக, அதாவது வேர்க்கடலை வயலாக இருந்த இடம். இப்போது வாசலில் ஒரு வளைவு, கொடிகள், வெள்ளையடித்த கற்கள். பச்சையாக இருந்தது வளைவின் பெயிண்ட் மட்டும்.

உச்சி வெயில். வாசல் கொட்டகையில் காவல்காரர் தேவா தூங்கிக்கொண்டிருந்தார். அக்காவை வடகிழக்கு மூலை மனைக்கு அழைத்துப் போனேன். தரையிலிருந்து ஒரு பிளாஸ்டிக் குழாய் முழங்கால் உயரம் நீட்டிக்கொண்டிருந்தது.

"இது என்னடா ஆனந்து?"

"போர் போடற பாயிண்ட்டுக்கா. ஃப்ரீ." கோதண்டபாணி சார் சொல்லிக்கொடுத்த பதில். சிரித்தேன்.

அப்போதுதான் கவனித்தேன். குழாய்க்கு அந்தப் பக்கம் ஒரு கிழவி குந்தியிருந்தாள். பச்சைச் சேலை. விரலால் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தாள்.

நாங்கள் வந்தபோது அங்கே யாரும் இல்லை...

"என்னம்மா தேடற?" என்றாள் அக்கா.

"மல்லாட்ட. வுட்டுப் போனத பொறுக்கிக்கினு இருக்கறேன்."

ரோலர் ஓட்டி இறுக்கிய தரை. கடப்பாறையே இறங்காது. அவள் மடி நிறைய மல்லாட்டை.

எல்லாம் ஈரம்.

மழை பெய்து மாதக்கணக்காகியிருந்தது. அவள் சேலை சொட்டிக்கொண்டிருந்தது. சொட்டு... சொட்டு...

கீழே மண் நனையவில்லை.

"வூடு கட்டப் போறியா கண்ணு?"

அக்கா தலையாட்டினாள்.

"கட்டு. எனக்கும் தொணையா இருக்கும்."

ஒரு பிடி மல்லாட்டையை அக்கா கையில் வைத்து அழுத்தினாள். அக்காவின் முகம் மாறியது. செத்தவர்களைத் தொட்டுப் பழகிய கை அவளுடையது.

குழாயிலிருந்து ஒரு சத்தம்.

ம்... ம்ம்...

குனிந்து பார்த்தோம். நிமிர்ந்தோம்.

கிழவி இல்லை.

ஒளிய ஒரு செடிகூடக் கிடையாது. கற்கள்தான்.

ஓடினோம்.

தேவா விழித்துக்கொண்டார். அந்தக் கொல்லையே முன்பு அவருடையது. விற்றுவிட்டு, அதற்கே காவல் இருக்கிறார்.

"உள்ள ஒரு அம்மா..." அக்கா கையை விரித்து மல்லாட்டையைக் காட்டினாள்.

"ஒல்லியா? பச்சப் பொடவையா?"

"ஆமா."

"எங்கம்மாக்கா. வந்துடுச்சா?"

செருப்புகூடப் போடாமல் ஓடினார். "எம்மா... எம்மோவ்..." என்று அவர் கூப்பிடுவது வளைவு வரை கேட்டது. திரும்பி வரும்போது மெதுவாக நடந்து வந்தார்.

"யாரும் இல்லியேக்கா."

நிலத்தை விற்றதில் கோபித்துக்கொண்டு போனவளாம். தை மாதத்திலிருந்து தேடுகிறார்கள். "வந்தா இங்கதான வரும்? அதுக்குத்தான் இந்த வேலைய கேட்டு வாங்கினேன்."

"என்னிக்குப் போனாங்க?"

"கெணறு தூத்த அன்னிக்கி. விடிகாலைல எழுந்து பாத்தா ஆளக் காணோம்."

அக்கா மெதுவாகக் கேட்டாள். "கெணறு எங்க இருந்துது?"

"அந்த மூலைலதான். பனமரத் துண்டு, கல்லு எல்லாம் உள்ள தள்ளி, மேல மண்ணக் கொட்டிட்டாங்க. ஜல்தி ஜல்தின்னு ஒரே பேஜாரு. நான்தான் கெஞ்சிக் கூத்தாடி அந்தக் கொழாவ வெச்சேன். கெணத்த மூடினா அது மூச்சு வுட வழி வைக்கணும். இல்லன்னா குடும்பத்துக்கு ஆவாது."

அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நல்ல கெணறு சார்," என்றார் தேவா என்னிடம். "மூடின பெறகும் ரெண்டு மூணு நாளு கொழாவுல மொனகற மாதிரி சத்தம் வந்துக்கினே இருந்துது. மூச்சு வுடுதுன்னு எல்லாருக்கும் சந்தோசம். நான் சூடம் ஏத்திக் கும்புட்டேன்."

விட்டுப் போன செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"அப்பறம் நின்னுடுச்சி."