ஹெட்லைட் நட்டு

"உங்களுக்கு நட்டு கிட்டு கழண்டுடுச்சா?" என்பது எங்கள் வீட்டின் தேசிய கீதம் மாதிரி. டெக்ஸாஸ் வெயிலில் மத்தியானம் என் கணவர் புல் வெட்டக் கிளம்பும்போது கேட்பேன். கிரீன் கார்டு வந்த குஷியில் ஒரு மோட்டார் சைக்கிளைக் கொண்டுவந்து நிறுத்தினாரே, அன்றும் கேட்டேன். ஆங்கிலத்திலும் இதே கேலி இருப்பதால் எங்கள் மகளுக்கும் புரிந்துவிடும். தமிழில் அவள் சிரிக்கிற ஒரே ஜோக் அதுதான்.

போன வருடம் அவருக்கு வேலை போனது. பிறகு வேறு வேலை கிடைத்தது, மனிதர்தான் திரும்பக் கிடைக்கவில்லை. மீட்டிங்கில் நன்றாகப் பேசுவார். கேமராவை அணைத்ததும் சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்துவிடுவார். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்துவிட்டு, அவரைத் தனியாக விடாமல் பார்த்துக்கொள்ளச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் நான் செய்த முதல் வேலை, பைக் சாவியைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்தது. யாரிடமும் மூச்சு விடவில்லை. அவர் எங்காவது கிளம்பிப் போய் வராமலே இருந்துவிடுவாரோ என்று பயம். அந்த பயத்தை வாய்விட்டுச் சொல்லவும் பயம்.

அன்றோடு அந்தக் கேலியும் வீட்டிலிருந்து போய்விட்டது. நாக்கு நுனி வரை வரும், விழுங்கிவிடுவேன்.

ஒரு சனிக்கிழமை காலை மகள் கராஜிலிருந்து தன் சைக்கிளை எடுக்கப் போனவள், உள்ளே பார்த்துக் கத்தினாள்.

"டாட், யுவர் ஹெட்லைட் இஸ் லூஸ்!"

அவர் எழுந்து போனார். நானும் துணிக்கூடையோடு பின்னால் போனேன். பைக்கின் ஹெட்லைட்டைத் தொட்டதும் அது தலையாட்டியது. இரண்டு பக்கமும் பிடித்திருக்க வேண்டியதில் ஒன்றைக் காணோம், இன்னொன்று தொங்கிக்கொண்டிருந்தது. அது போல்ட்டோ ஸ்க்ரூவோ, எங்கள் வீட்டில் எல்லாமே நட்டுதான். ஆனால் என்ன கழன்றிருக்கிறது என்று மூன்று பேரில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவர் தொங்கியதைக் கழற்றி என்னிடம் நீட்டினார்.

"ஹார்டுவேர் கடைல இதே மாதிரி ரெண்டு வாங்கிட்டு வரியா?"

அவர் என்னிடம் எதையாவது கேட்டே பல மாதம் ஆகியிருந்தது. சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கோ பருப்பு டப்பாதான் ஞாபகம் வந்தது. விளக்கு சரியானால் அடுத்து சாவியைத்தானே கேட்பார்?

மகளை அவரோடு இருக்கச் சொல்லிவிட்டுப் போனேன். கடையில் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன இழுப்பறைகள். உப்புப் போடுகிற கண்ணளவை நம்பி, கால் இன்ச் என்று எழுதியிருந்ததில் இரண்டை எடுத்து வந்தேன். இங்கே பாலும் பெட்ரோலும்கூட கேலன் கணக்கு, போல்ட் மட்டும் வேறாக இருக்கும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. வண்டியில் அது இரண்டு சுற்று போய் இறுகி நின்றுவிட்டது.

"இது இன்ச். இந்த வண்டி மில்லிமீட்டர்" என்றார். "இன்னும் முறுக்கினா உள்ள மரையே போயிடும்."

அப்பாடா என்று இருந்தது எனக்கு. "விடுங்க, அப்புறம் பாத்துக்கலாம்" என்றேன்.

"இல்ல, நானே வந்து பாக்கறேன்."

செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டார். மூன்று பேரும் காரில் அதே கடைக்குப் போனோம். கடையில் பழைய போல்ட்டை அளவு பார்க்கும் பலகைத் துளைகளில் ஒவ்வொன்றாக வைத்துத் திருகினார். ஆறு மில்லிமீட்டரில் அது வழுக்கிக்கொண்டு இறங்கியது. அவசரமே இல்லாமல் அதே அளவில் இரண்டையும், கழலாமல் பிடிக்க இரண்டு வாஷரையும் எடுத்துக்கொண்டார்.

வீட்டுக்கு வந்து இரண்டையும் பூட்டினார். ஹெட்லைட்டைப் பிடித்து உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை. மகள் கை தட்டிவிட்டு சைக்கிளோடு தெருவுக்கு ஓடினாள்.

"நட்டு கழண்டா அளவு பாத்து வாங்கிப் போட்டுடலாம், இல்ல?" என்றார்.

அந்த வார்த்தை திரும்பி வந்துவிட்டது. சிரிக்க முடியவில்லை. "ஆமாங்க" என்று மட்டும் சொன்னேன். சாவியைக் கேட்டால் என்ன பொய் சொல்வது என்று மனசு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தது.

அவர் கந்தைத் துணியில் விரல்களைத் துடைத்துக்கொண்டார்.

"சாவி அந்தப் பருப்பு டப்பாலயே இருக்கட்டும்மா" என்றார். "நான் கேட்டாலும் குடுக்காத."